வௌவாலுக்கு ஒரு வம்சாவளிப் பட்டியல்

புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணம், குடைவரைக் கோயிலுக்கும் பிரகதாம்பாள் சந்நிதிக்கும் பெயர் பெற்ற ஊர். 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது. கோயிலுக்கும் சந்தைக்கும் வரும் விவசாயிகள் குழந்தை குட்டிகளோடு அதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பாடம் செய்யப்பட்ட பிராணிகளும் பறவைகளும் அங்கே பெயர்ச்சீட்டுடன் வைக்கப்பட்டிருக்கின்றன.

செத்த பிராணியைப் பாடம் செய்து வைப்பதால் உழுகிறவனுக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். பம்பாயில் ஓர் அலமாரியில், தப்பான பெயர்ச்சீட்டோடு 24 ஆண்டுகள் கிடந்த வௌவால் ஒன்றின் கதை இதற்கு நல்ல பதில். அந்த வௌவால் நம் தமிழ்நாட்டு மேகமலையில் பிடிபட்டது. இன்று அழியும் நிலையில் உள்ள பிராணிகளின் பட்டியலில் அது இருக்கிறது. அதைக் காப்பாற்றும் வேலையில் மரபு அடையாளங்கள் எப்படி உதவும், இதில் விவசாயியின் பங்கு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

தப்பான பெயரில் 24 ஆண்டுகள்

1948ஆம் ஆண்டு மேகமலைத் தோட்டப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. நம் ஊர்த் தோப்புகளில் சாதாரணமாகக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று நினைத்து, அதே பெயரில் சீட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள்.

தாய்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் கிட்டி தோங்லோங்யா அந்த உடலை எடுத்துப் பல்லையும் மண்டை ஓட்டையும் சோதித்தபோது, இது குறுமூக்கு வௌவால் அல்ல என்று கண்டார். குறுமூக்கு வௌவாலுக்குச் சிறிய வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வால் இல்லை. பல்வரிசையும் வேறு. 1972ல் இதைப் புது இனமாக மட்டுமின்றிப் புதுப் பேரினமாகவே அவர் வெளியிட்டார். பறவை அறிஞர் சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. விஞ்ஞானப் பெயர் லாட்டிடென்ஸ் சலீமலீ.

1993ல் மேகமலையிலேயே இது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பகலில் இது தங்கும் குகை ஒன்றை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்காரவேலன், மாரிமுத்து ஆகியோர் 2003ல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு–முண்டந்துறைக் காடுகளிலும் இந்த வௌவால் காணப்பட்டிருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாடு கேரளத்துக்கு உட்பட்ட சிறு பகுதிதான் அதன் வீடு. காட்டு அத்தி வகைகளையும் உருத்திராட்ச இனத்து மரங்களின் பழங்களையும் தின்று, விதையைக் காட்டில் பரப்புகிறது. காட்டை ஒட்டிய காப்பி, ஏலத் தோட்டங்களுக்கும் வந்து போகிறது.

தலையை எண்ணினால் போதாதா?

ஒரு பிராணி குறைந்துவிட்டதா, பெருகியிருக்கிறதா என்று தெரிய எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வௌவால் விஷயத்தில் இது இரண்டு வகையில் ஏமாற்றும்.

முதலாவது, எண்ணுவதே கஷ்டம். பகலில் இருட்டுக் குகையில் தொங்கும். இரவில் பறக்கும். இன்று ஒரு குகையில் எண்ணிய வௌவால், நாளை பத்து மைல் தள்ளி இன்னொரு பொந்தில் மறுபடியும் எண்ணப்படலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். எண்ணிக்கை ஒன்று, வம்ச பலம் வேறொன்று. ஆடு வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கிடையில் 100 பெட்டை ஆடுகளும் 2 கிடாக்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 102 உருப்படி. ஆனால் பிறக்கும் குட்டி எல்லாவற்றுக்கும் தகப்பன் அந்த இரண்டு கிடாக்கள்தான். மரபியலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிடா எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, மொத்த உருப்படியால் வகுக்க வேண்டும். 2 பெருக்கல் 100, அதாவது 200. அதை நாலால் பெருக்கினால் 800. 102ஆல் வகுத்தால் சுமார் 8. அதாவது 102 ஆடுகள் கண்ணுக்குத் தெரிந்தாலும், மரபு வளத்தைப் பொறுத்தவரை அந்தக் கிடை கிடாவும் பெட்டையும் சரிபாதியாக உள்ள 8 ஆடுகளுக்குத்தான் சமம். அதே கிடையில் 10 கிடாக்கள் இருந்தால் இந்த எண் சுமார் 36 ஆகிவிடும்.

ஒரே பொலிகாளையைப் பல ஆண்டு வைத்துக்கொண்டு, அதன் மகளுக்கும் பேத்திக்கும் அதையே சேர்த்தால் கன்றுகள் நோஞ்சானாகப் பிறப்பதை மாடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். காட்டுப் பிராணிக்கும் இதே விதிதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்க்கை நடந்தால் குட்டிகள் தப்பிப் பிழைப்பது குறையும். மேலும் வௌவால் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். எலியைப்போல் சட்டென்று பெருகி நஷ்டத்தை ஈடுகட்ட அதனால் முடியாது.

ஆகவே அழியும் நிலையில் உள்ள வௌவாலைக் காக்க நினைப்பவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். யார் யாருக்குச் சொந்தம்? ஒரு குகைக் கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் போக்குவரத்து இருக்கிறதா? உண்மையில் எத்தனை ஆண், எத்தனை பெண் வம்சத்தை நடத்துகின்றன? இவற்றுக்குக் கண்ணால் பார்த்து விடை சொல்ல முடியாது. வம்சாவளிப் பட்டியல் வேண்டும். அதைத் தயாரிக்க உதவுவதுதான் மரபு அடையாளம்.

மரபு அடையாளம் என்றால் என்ன?

ஒவ்வொரு ஜீவனின் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற மரபுச் சரடு இருக்கிறது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. வௌவாலின் ஏட்டில் சுமார் 200 கோடி எழுத்துகள் இருக்கும். இந்த ஏட்டில் சில இடங்களில் இரண்டு, மூன்று அல்லது நான்கு எழுத்துகள் கொண்ட ஒரே சொல், திக்குவாய்க்காரர் பேச்சைப்போல் திரும்பத் திரும்ப வரும். இப்படிப்பட்ட இடத்துக்கு விஞ்ஞானிகள் மைக்ரோசாட்டலைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பது வௌவாலுக்கு வௌவால் மாறும். ஒன்றில் 12 தடவை வரும், இன்னொன்றில் 15 தடவை வரும். ஒவ்வொரு வௌவாலுக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. குட்டிக்கு 12, 15 என்று இருந்து, தாய்க்கு 12, 18 என்று இருந்தால், அந்த 15 தகப்பன் கொடுத்தது. கூட்டத்தில் 15 இல்லாத ஆண்களை எல்லாம் கழித்துவிடலாம்.

ஓர் இடத்தில் 10 வகை எண்கள் இருந்தால் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 55 விதமான ஜோடிகள் அமையும். இப்படிப் பத்து இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு வௌவாலுக்கு எல்லா எண்ணும் ஒன்றாக அமைவது மிக அபூர்வம். நில உரிமைக்குச் சர்வே எண்ணும் உட்பிரிவும்போல ஒவ்வொரு வௌவாலுக்கும் ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது.

இந்த முறை விவசாயிகளுக்கு முற்றிலும் புதியதல்ல. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சுவர்ணா சப்-1 நெல் 2009ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. டெல்டாவில் பயிராகும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லும் அந்த வழியில் வந்ததே. வெள்ளத்தைத் தாங்கும் குணம் எந்த நாற்றில் இறங்கியிருக்கிறது என்று மரபு அடையாளத்தை வைத்துத்தான் பொறுக்கி எடுத்தார்கள். நெல்லில் நல்ல நாற்றைப் பொறுக்கப் பயன்பட்ட அதே வகைக் கருவி, வௌவாலில் உறவுமுறை கண்டுபிடிக்கப் பயன்படுகிறது.

அடையாளத்தை உண்டாக்கும் விதம்

முதலில் மாதிரி சேகரிக்க வேண்டும். வலையில் பிடித்த வௌவாலின் இறக்கைச் சவ்வில் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு வட்டம் வெட்டி எடுத்துச் சாராயத்தில் போட்டு வைப்பார்கள். வௌவாலைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். சவ்வு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். புதிய எச்சத்திலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க முடியும்.

அடுத்து, அந்தத் திரும்ப வரும் சொற்கள் ஏட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். முன்பெல்லாம் டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாக்கிப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்து, ஒவ்வொரு துண்டாகப் படித்துப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. இப்போது லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில் படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டதால் வேலை சுலபமாகியிருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடித்ததும் அதற்கு இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட வேண்டும். திரும்ப வரும் சொல்லுக்கு முன்னும் பின்னும் மாறாமல் இருக்கும் சுமார் 20 எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துணுக்குகளைச் செய்கிறார்கள். இவற்றுக்குப் பிரைமர் என்று பெயர். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பி.சி.ஆர். இயந்திரம் இங்கேதான் வருகிறது. எல்லைக்கல்லுக்கு நடுவே உள்ள துண்டை மட்டும் அது ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிப் பெருக்கும். முப்பது சுற்று முடிந்தால் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். பிறகு துண்டின் நீளத்தை அளந்தால் சொல் எத்தனை தடவை வருகிறது என்பது தெரிந்துவிடும்.

இதோடு முடியவில்லை. செய்த அடையாளம் எல்லாம் உபயோகத்துக்கு வருவதில்லை. எல்லா வௌவாலுக்கும் ஒரே எண் வந்தால் அந்த இடம் பயனற்றது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு சேர்ந்தே பரம்பரைக்கு இறங்கினால் அவற்றை ஒன்றாகத்தான் கணக்கிட வேண்டும். எல்லைக்கல் நிற்கும் இடத்திலேயே எழுத்து மாறிப்போன வௌவாலில் ஓர் எண் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அப்போது இரண்டு எண் உள்ள வௌவால் ஒரே எண் உள்ளதாகத் தோன்றி, உறவுக்குள் சேர்க்கை நடப்பதாகத் தப்பு முடிவுக்கு இடம் கொடுக்கும். ஆகவே பல இடங்களைச் சோதித்து நம்பத்தக்கவற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நாற்றங்காலில் போட்ட விதை எல்லாம் முளைப்பதில்லை அல்லவா?

ஓர் இனத்துக்குச் செய்த எல்லைக்கல் அதன் நெருங்கிய உறவினத்திலும் சில சமயம் பொருந்தும். உறவு விலக விலகப் பொருத்தம் குறையும். அபூர்வ இனத்தை அதிகம் தொந்தரவு செய்யாமல், சாதாரண இனத்தில் முதலில் வேலையைத் தொடங்குவதற்கு இது உதவியாக இருக்கிறது.

புனேயில் கண்டது

நம் தோப்புகளில் வாழும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலும் சலீம் அலி வௌவாலும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. குறுமூக்கு வௌவால் பேரினத்துக்கு மூன்றெழுத்து, நான்கெழுத்து மைக்ரோசாட்டலைட் அடையாளங்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜே ஸ்டார்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். புனேயில் வாழும் வௌவால்களில் அவற்றைப் பயன்படுத்தி அவரும் சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2001ல் வெளிவந்தது.

இந்த வௌவாலில் ஆண் ஒன்று இலை, கொடி, காம்புகளைக் கடித்துக் கூடாரம்போல் அமைத்துக்கொள்ளும். பல பெண்கள் அதில் வந்து தங்கும். ஒரே கூடாரத்தில் தங்கும் பெண்கள் அக்கா தங்கைகளாக இருப்பார்கள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மரபு அடையாளம் வேறு விதமாகச் சொல்லியது. அந்தப் பெண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவல்ல. குட்டிகள் தகப்பன் வழியில் உறவாக இருந்தாலும், வளர்ந்ததும் கூடாரத்தை விட்டுப் பிரிந்து போய்விடுகின்றன. இதனால் உறவுக்குள் சேர்க்கை தவிர்க்கப்படுகிறது. அதே சமயம், ஆண்களில் சில மட்டுமே பல குட்டிகளுக்குத் தகப்பனாவதால், மேலே ஆட்டுக் கிடையில் பார்த்த கணக்கு இங்கும் செல்லும். எண்ணிக்கையைவிட வம்ச பலம் குறைவு.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. தவளை, எலி, பெரிய பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பெரிய காது வௌவால் பழைய மண்டபங்களிலும் குகைகளிலும் வாழ்வது. அதன் மரபு வேறுபாட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து இம்மானுவேல் ராஜனும் மாரிமுத்துவும் ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது ராப்டு என்ற முறை. முன்கூட்டியே அந்த இனத்தின் ஏட்டைப் படிக்காமல், ஏதோ ஓர் எல்லைக்கல்லை இட்டு விழும் துண்டுகளை ஒப்பிடுவது அது. செலவு குறைவு. ஆனால் தாய் எண், தகப்பன் எண் என்று பிரித்துக் காட்டாது.

இங்கிலாந்தில் கிடைத்த பாடம்

அடையாளம் தயாரித்த பிறகு அதனால் என்ன தெரியும் என்பதற்கு இங்கிலாந்தின் பெரிய குதிரைலாட வௌவால் நல்ல உதாரணம். 20ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் இதன் தொகை 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. வுட்செஸ்டர் என்ற ஊரில், கட்டி முடிக்கப்படாத ஒரு பழைய மாளிகையில் இதன் கூட்டம் ஒன்று இருக்கிறது. ரோஜர் ரான்சம் என்பவர் 1959 முதல் இந்த வௌவால்களுக்கு வளையம் மாட்டி, பிறப்பு இறப்புக் கணக்கு வைத்து வந்தார். 1999ல் ஸ்டீபன் ராசிட்டரும் சகாக்களும் இந்த இனத்துக்கு மைக்ரோசாட்டலைட் அடையாளங்களை வெளியிட்டார்கள்.

வளையக் கணக்கும் மரபுக் கணக்கும் சேர்ந்ததும் பல விஷயங்கள் புலப்பட்டன. மரபில் ஒன்றுக்கொன்று விலகிய தாய் தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் அதிகமாகத் தப்பிப் பிழைத்தன என்று 2001ல் வெளியிட்டார்கள். பெண் வௌவால்கள் ஆண்டுதோறும் அதே ஆணையே நாடிச் செல்வதும், தாயும் மகளும் ஒரே ஆணிடம் போவதும் 2005ல் தெரிய வந்தது. அப்படியும் மகள் தன் சொந்தத் தகப்பனிடம் போவதைத் தவிர்க்கிறது.

இதன் நடைமுறைப் பாடம் என்ன? குட்டி போடும் மாளிகையை மட்டும் காப்பாற்றினால் போதாது. ஆண்கள் தனித்தனியே தங்கும் சுற்றுப்புறத்துச் சிறு குகைகளையும், அங்கே போய்வரும் வழியில் உள்ள வேலி மரங்களையும் காப்பாற்ற வேண்டும். எண்ணிக்கை அதிகம் உள்ள இடம் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தகப்பன்கள் இருக்கும் இடம் கைவிட்டுப் போயிருக்கும்.

தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று

உயிரணுவில் மைட்டோகாண்டிரியா என்ற பகுதிக்குத் தனியே ஒரு சிறு மரபுச் சரடு இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டும் குட்டிக்கு வரும். தாய்வழிச் சரடு கூட்டத்துக்குக் கூட்டம் மாறியிருந்து, மற்ற அடையாளங்கள் எல்லாக் கூட்டத்திலும் கலந்திருந்தால், பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்குகின்றன, ஆண்கள் ஊர் விட்டு ஊர் போகின்றன என்று பொருள். ஜெர்மனியில் பெக்ஸ்டைன் வௌவாலில் ஜெரால்டு கெர்த்தும் சகாக்களும் 2002ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

இப்படிப்பட்ட இனத்தில் ஒரு குகைக் கூட்டம் அழிந்தால், பக்கத்துக் கூட்டத்துப் பெண்கள் வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு குகையையும் தனித்தனியே காக்க வேண்டியிருக்கும்.

செங்கோட்டைக் கணவாய்

நம் சலீம் அலி வௌவாலுக்கு வருவோம். மேகமலைக்கும் களக்காடு மலைகளுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் செல்லும் செங்கோட்டைக் கணவாய் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு போகிறது. வடக்கே உள்ள வௌவாலும் தெற்கே உள்ள வௌவாலும் இந்தக் கணவாயைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றனவா என்பதுதான் மரபு அடையாளத்தை வைத்துக் கேட்க வேண்டிய பெரிய கேள்வி.

போக்குவரத்து இருந்தால் இரண்டும் ஒரே குடும்பம். இடையில் உள்ள காட்டுத் துண்டுகளையும் தோட்டத்து நிழல் மரங்களையும் காக்க வேண்டும். போக்குவரத்து இல்லை என்றால் இரண்டும் தனித்தனிச் சிறு குடும்பங்கள். ஒன்று போனால் மற்றது ஈடு செய்யாது. இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் வேண்டும். மேகமலையை உள்ளடக்கி 2021ல் அமைந்த ஸ்ரீவில்லிப்புத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும், 1988ல் அமைந்த களக்காடு–முண்டந்துறைக் காப்பகமும் கணவாய்க்கு இரு பக்கமும் இருக்கின்றன. இடையில் உள்ள நிலத்தில் என்ன மரம் நிற்க வேண்டும் என்பது காப்பக எல்லைக்குள் முடிகிற விஷயமல்ல.

இதே மாதிரிக் கேள்வியை யானை விஷயத்தில் கேட்டு விடை கண்டிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, யானைச் சாணத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீலகிரிப் பக்கத்து யானைகளும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு பக்கத்து யானைகளும் மரபில் பிரிந்திருப்பதை அது காட்டியது.

அருங்காட்சியகத்துப் பழைய உடல்களுக்கும் இங்கே வேலை உண்டு. காய்ந்த தோலிலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்தால், துண்டு துண்டாகப் போயிருந்தாலும் டி.என்.ஏ. கிடைக்கும். ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இனத்தில் எத்தனை வகை எண்கள் இருந்தன, இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று ஒப்பிடலாம். பிடித்த இடமும் தேதியும் பெயர்ச்சீட்டில் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருக்கோகர்ணம் போன்ற ஊர்களில் அருங்காட்சியகம் வைத்துப் பராமரிப்பதன் பலன் இப்படிப் பல தலைமுறை தாண்டியும் வரும்.

விவசாயிக்கு என்ன லாபம்?

மேகமலை வௌவாலுக்காகப் புதுக்கோட்டை விவசாயி ஏன் கவலைப்பட வேண்டும்? மலையில் நடப்பதுதான் சமவெளியிலும் நடக்கிறது. இலுப்பை மரத்துக்கும் இலவம் பஞ்சு மரத்துக்கும் மகரந்தம் சேர்ப்பதில் பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முந்திரித் தோப்பில் பழத்தைத் தூக்கிப்போய்ச் சாற்றைக் குடித்துவிட்டுக் கொட்டையைக் கீழே போடுவதையும் பார்த்திருப்பீர்கள். பூச்சி தின்னும் வௌவால்கள் நெல்லுக்குக் காவல். தாய்லாந்தில் ஒரே ஓர் இன வௌவால் புகையான் வகைப் பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் நெல் மிச்சமாகிறது என்று 2014ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் பாறைகள் நிறைந்தது. பாறை இடுக்குகளும் குகைகளும் வௌவாலுக்கு வீடு. கல் உடைக்கும்போது எந்தப் பாறையில் என்ன இனம் தங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கர்நாடகத்தில் கோலார் இலைமூக்கு வௌவால் இன்று அனுமனஹள்ளி என்ற கிராமத்தில் ஒரே ஒரு குகையில் மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. அந்த ஒரு பாறை போனால் உலகத்திலிருந்தே அந்த இனம் போய்விடும்.

சட்டத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தார்கள். சலீம் அலி வௌவால் மட்டும் அதில் சேராமல் உச்சப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணையில் இருந்தது. 2022ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தத் தீங்குப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது.

விவசாயிகள் கவனத்துக்கு

மலைத்தோட்டக்காரர்கள் நிழலுக்குச் சில்வர் ஓக் மரத்தை மட்டும் நடாமல், அத்தி, ஆல், இச்சி போன்ற நாட்டு மரங்களையும் ஆங்காங்கே விட்டுவைக்க வேண்டும். வௌவால் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் போக இவைதான் வழிச் சத்திரம்.

குகை, பாறை இடுக்கு, பழைய மண்டபம், பெரிய மரம் இவற்றில் வௌவால் கூட்டம் தங்கியிருப்பது தெரிந்தால் புகை போடுவதோ, வெடி வெடிப்பதோ கூடாது. பெரிய பழந்தின்னி வௌவாலுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. முக்கியமாகக் குட்டி போடும் காலத்தில் தொந்தரவு செய்யக் கூடாது.

புதிதாக ஒரு தங்குமிடம் கண்டால் வனத்துறைக்கோ, அருகில் உள்ள கல்லூரி விலங்கியல் துறைக்கோ தெரிவிக்கலாம். எந்த மாதம் வந்தன, எந்த மாதம் போயின என்ற குறிப்பு ஆராய்ச்சியாளருக்கு மிக உதவும். வளையம் மாட்டிய வௌவால் எங்காவது இறந்து கிடந்தால் இடத்தையும் தேதியையும் குறித்துச் சொல்லுங்கள்.

வௌவாலைத் தாங்களே பிடிக்கக் கூடாது. ஆராய்ச்சிக்குப் பிடிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். எச்சத்தையும் செத்த வௌவாலையும் வெறும் கையால் தொடாதீர்கள். வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம். 2018ல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் வந்த நிபா காய்ச்சலின் கிருமி பெரிய பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது தெரிந்ததே.

கொய்யா, சப்போட்டாத் தோட்டத்தில் நஷ்டம் வந்தால், மெல்லிய நைலான் வலையைத் தொங்கவிட வேண்டாம். அதில் வௌவால் சிக்கிச் சாகும். விறைப்பான வலையை இழுத்துக் கட்டலாம். காய்களுக்கு உறை போடலாம். முற்றியதும் மரத்தில் பழுக்க விடாமல் பறித்துவிடலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் தயாராகும் வம்சாவளிப் பட்டியல், எந்தக் குகையும் எந்த வழியும் அவசியம் என்று சுட்டிக்காட்டும். அந்த வழியில் நிற்கும் அத்தி மரம் யாரோ ஒரு விவசாயியின் நிலத்தில்தான் இருக்கும். அதை வெட்டாமல் விடுவது அவர் கையில் இருக்கிறது.